மே 24-க்கு முன்னால்

பெரம்பூர்,
ஞாயிறு இரவு

அன்பு மகனுக்கு,

நைனா எழுதுகிறேன். ரெண்டு நாளாக போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். போனில் பேசினால் நடுவில் அம்மா வாங்கிக்கொள்வாள். அப்புறம் சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் கடிதம். நீ துறவறப் பயிற்சிக்கு நவதுறவகத்தில் இருந்தபோது போன் கிடையாது என்று மாதாமாதம் எழுதினேனே, அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கையெழுத்துதான் அன்றைக்கு மாதிரியே கோணல்.

வியாழக்கிழமை நீ சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. ஹாஸ்டலில் ஒரு பையனை அறைந்துவிட்டேன், நான் இதற்கு லாயக்கில்லை, மே 24-இல் வார்த்தைப்பாட்டை, அதுதான் துறவியாக இருப்பேன் என்று கடவுளுக்குக் கொடுத்த வாக்கை, புதுப்பிக்கப் போவதில்லை. மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டினாய். மூன்றும் ஒன்று இல்லை கண்ணு.

முதலில் அந்தப் பையன். நீ எட்டாவது படிக்கும்போது டியூஷனுக்குப் போகாமல் கேரம் கிளப்பில் உட்கார்ந்திருந்தாய் என்று தெருவில் வைத்து உன்னை அடித்தேன், ஞாபகம் இருக்கும். மறந்திருக்க மாட்டாய். அடி வாங்கியவன் மறப்பதில்லை. நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பத்து வருஷம் கழித்துக் கேட்பது எவ்வளவு வெட்கமாக இருக்கிறது தெரியுமா? நீ அவ்வளவு நாள் வைக்காதே. நாளைக்கே அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசு. அப்புறம் உங்கள் இல்லத் தலைவர் ரெக்டரிடம் போய் நீயே சொல். மாதம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேசும் வழக்கம் உங்களுக்கு உண்டே, அதுவரைகூடக் காத்திருக்காதே. வேறு யாராவது சொல்லி அவருக்குத் தெரிவது நன்றாக இருக்காது. அறிவு, சமயம், அன்பு மூன்றையும் வைத்துத்தான் பிள்ளைகளை வளர்க்க வேண்டும், அடித்து இல்லை என்று உங்கள் சபையை ஆரம்பித்த டான் போஸ்கோ சாமியார் சொன்னதை ஏழாவதில் பேச்சுப் போட்டிக்காக நீ மனப்பாடம் செய்தாய். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது.

அவருடைய அம்மா மார்கரீத்தா கதை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். 1846-இல் கிராமத்து வீட்டை விட்டுவிட்டு மகனோடு இத்தாலியின் தூரின் நகரத்துக்கு வந்து, மகன் சேர்த்து வளர்த்த தெருப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டு, கிழிந்ததைத் தைத்துக் கொடுத்து, 1856-இல் அங்கேயே கண்ணை மூடினார். ஒருநாள் பையன்கள் அவர் போட்ட காய்கறித் தோட்டத்தை மிதித்து நாசம் பண்ணிவிட, நான் ஊருக்கே போகிறேன் என்று மகனிடம் வந்து நின்றாராம். மகன் பதில் பேசாமல் சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். அந்த அம்மா தங்கிவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் உன் அம்மாவுக்குக் கண் கலங்கும். எனக்கு என்ன தோன்றும் என்றால், அந்தத் தோட்டத்துக்கு வேலி யாராவது போட்டார்களா என்றுதான். ரயில்வே ஒர்க்ஸ் புத்தி. ஆனால் நிஜமாகவே கேட்கிறேன், அத்தனை பையன்களுக்கு ராத்திரி பகலாக நீ ஒருவன்தானா? காலையில் தியானத்துக்கு எழுந்து, பகலில் வகுப்பு எடுத்து, சாயங்காலம் மைதானத்தில் நின்று, ராத்திரி படிப்பு முடிந்து அவர்கள் தூங்கிய பிறகுதான் நீ படுக்கிறாய். ரெக்டரிடம் பேசும்போது அதையும் கேள்.

அடுத்தது லாயக்கு. 1983-இல் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸில், அந்த ரயில் பெட்டிப் பட்டறையில், நான் அப்ரண்டிஸாகச் சேர்ந்தபோது முதல் மூன்று மாதம் எந்த வண்டியையும் தொடவிடவில்லை. உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு, ஓர் அரம், ஒரு வைஸ். காலையிலிருந்து ராவ வேண்டியதுதான். இன்ஸ்ட்ரக்டர் வந்து மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் போச்சு. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார், திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் பாட்டி ஏன் வந்தாய் என்று கேட்கவே இல்லை. மறுநாள் காலையில் நாஷ்டா போட்டாள், சங்கு ஊதியதும் டிபன் கேரியரைக் கையில் கொடுத்தாள். போனேன். என்னோடு சேர்ந்த இன்னொருத்தன் ரெண்டாவது மாதமே நின்றுவிட்டான். ஓட்டேரியில் சைக்கிள் கடை போட்டான். இன்றைக்கு அவனுக்கு மூன்று மாடி வீடு. நான் இன்னும் லீஸ் வீட்டில்.

பாட்டி என்றதும் இன்னொன்று. அவள் போனபோது நீ நவதுறவகத்தில் இருந்தாய். காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்ட கையோடு, ரெண்டாவது நாளே கிளம்பிவிட்டாய். சட்டம் அப்படி நைனா என்றாய். எனக்கு அவ்வளவு கோபம். அப்புறம் நம்ம பங்குச் சாமியாரிடம் கேட்டேன். நவதுறவு குறைந்தது 12 மாதம், அதில் மூன்று மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்த வருஷமே செல்லாது, 15 நாளுக்கு மேல் போனால் அந்த நாட்களை ஈடுகட்ட வேண்டும், மற்றபடி நாலு நாள் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். உன் நவதுறவக மாஸ்டர் ஐந்து நாள் கொடுத்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அழுகை வந்துவிடும் என்று நீயாகத்தான் ஓடியிருக்கிறாய். குறை சொல்ல எழுதவில்லை. இப்போதும் அதே மாதிரி ஓடுகிறாயோ என்று சந்தேகமாக இருக்கிறது, அதனால்தான்.

சரி, வார்த்தைப்பாடு. முதல் வார்த்தைப்பாடு கொடுத்து வருகிற மே 24-ஓடு மூன்று வருஷம் முடிகிறது. முடிந்ததும் ஒருவன் தாராளமாக வெளியே போகலாம், அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை என்றும் பங்குச் சாமியாரே சொன்னார். சாகும்வரைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் இப்படிச் சாதாரணமாக ஆறு வருஷம் வரை போகலாம், தேவைப்பட்டால் ஒன்பது வருஷம்கூட. முதலில் எனக்கு இது இழுத்தடிப்பாகத்தான் தெரிந்தது. மெய்யியல் முடிந்தது, இப்போது ரீஜென்சி என்று ஹாஸ்டல் பையன்களோடு வேலை, அப்புறம் இறையியல் நாலு வருஷம். தெருவில் "இன்னுமா சாமியார் ஆகலை?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது. இப்போது யோசித்தால், இவ்வளவு தூரத்துக்கு வழி நெடுக வாசல் வைத்திருக்கிறார்கள். வாசல் என்று இருந்தால் யாராவது அதன் வழியாகப் போகத்தான் செய்வார்கள். அதற்கு ஏன் தலையைக் குனிய வேண்டும்?

அம்மாவுக்கு இது கஷ்டம்தான், மறைப்பானேன். குருப்பட்டத்தில் எண்ணெய் பூசிய கைகளைத் துடைத்த துணியைப் பெற்ற தாய்க்குக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சாகும்போது அதைத் தன் கையில் வைத்துப் புதைக்க வேண்டும் என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். பிளெக்ஸில் எந்தப் போட்டோ போடுவது என்றுகூட முடிவு பண்ணிவிட்டாள். அந்தத் துணிக்காக நீ சாமியாராக வேண்டாம். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. உங்களில் குருப்பட்டம் வாங்காமல் கடைசிவரை பிரதராகவே இருப்பவர்கள் உண்டல்லவா, பையன்களுக்கு லேத்தும் வெல்டிங்கும் சொல்லிக்கொடுப்பவர்கள்? எனக்கு உள்ளுக்குள் அதுதான் ஆசை. ஆனால் நீ சுத்தியலைப் பிடிக்கும் லட்சணத்துக்கு அது நடக்காது, விடு.

கேரம் போர்டு கேட்டிருந்தாய். கிளப்பில் பழசு ஒன்று கொடுத்தார்கள். நாலு மூலைக்கும் புது வலை அடித்து, பலகையைத் தேய்த்து வைத்திருக்கிறேன். பவுடரும் ரெண்டு ஸ்ட்ரைக்கரும் கூட வைக்கிறேன். முதல் ஆட்டம் அந்தப் பையனோடு ஆடு. நீ வேண்டுமென்றே தோற்க வேண்டியதில்லை, எப்படியும் தோற்பாய்.

மே 24-க்கு டிக்கெட் போட வேண்டும், முன்னாலேயே சொல். புதுப்பித்தாலும் வருவோம். புதுப்பிக்காவிட்டாலும் வருவோம், பெட்டி தூக்க ஆள் வேண்டுமே.

நைனா