தண்டல் அட்டையையும் ஒருமுறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'அரிசி இலவசம், பஸ் இலவசம், மாதம் ஆயிரம் வேறு; இவ்வளவு கொடுத்தும் இவர்கள் கையில் காசு தங்குவதில்லை, சிக்கனம் தெரியாத கூட்டம்' என்கிற பேச்சு வாசகர் கடிதங்களிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது. வீட்டு வேலை, சித்தாள் வேலை, பெயின்ட் வேலை, தள்ளுவண்டி என்று உழைத்துப் பிழைக்கிற குடும்பங்களைத்தான் சொல்கிறார்கள். அந்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள். அப்படியும் 20-ஆம் தேதிக்கு மேல் கைமாற்று கேட்க வேண்டியிருக்கிறதென்றால், குணத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் கணக்கைப் பார்க்க வேண்டும். கணக்கு அந்த வீட்டுச் சுவரிலேயே ஆணியில் தொங்குகிறது.

மடித்து மடித்து நைந்த தண்டல் அட்டை, அதாவது தினமும் வசூலிக்கும் கடனுக்கான அட்டை. அதில் நூறு கட்டங்கள். மாலையில் தண்டல்காரர் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார். நூறு ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்தைக் கிறுக்குவார். பத்தாயிரம் ரூபாய்க் கடன். ஆனால் கையில் தருவது 8,500. மீதி 1,500 முதலிலேயே பிடித்தம். நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் பத்தாயிரமும் அடைந்துவிடும். 'நூற்றுக்குப் பதினைந்து ரூபாய்தானே' என்று வாங்குகிறவரும் நினைக்கிறார், கொடுப்பவரும் அப்படித்தான் சொல்கிறார். உண்மையில் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. ஐம்பதாவது நாளில் கடனில் பாதி திரும்பியாயிற்று. குறைகிற நிலுவைக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இது மாதத்துக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு, ஆண்டுக்கு 120. வீட்டுக்கடனுக்கு வட்டி கால் விழுக்காடு ஏறினாலே நாம் எவ்வளவு புலம்புகிறோம்!

இதைவிட மோசமானது அறுபதாவது நாளில் நடப்பது. செப்டம்பர் நடுவில் வாங்கிய தண்டலுக்கு அறுபதாவது நாள் நவம்பர் நடுவில் வரும். வடகிழக்குப் பருவமழை, வெளிச்சுவர் பெயின்ட் கிடையாது, கான்கிரீட் போட மாட்டார்கள். இரண்டு நாள் கட்டம் காலியாக நின்றால் தண்டல்காரரே வழி சொல்வார்: 'பழைய அட்டையை முடிச்சிட்டுப் புதுசு போட்டுக்க.' புது அட்டையும் பத்தாயிரம். அதில் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 4,000 பிடித்தம், கையில் வருவது 4,500. பழைய கடனின் கடைசி நாற்பது நாளுக்கும் சேர்த்து வட்டியை முன்பே எடுத்தாயிற்று, அதில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. 4,500 ரூபாய்க்காக மறுபடி நூறு நாள், நாளுக்கு நூறு. ஆண்டுக்கணக்கில் அட்டை சுவரைவிட்டு இறங்காததற்குக் காரணம் இதுதான்.

வங்கிக்குப் போகலாமே என்பார்கள். மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்குச் சம்பளச் சீட்டு யார் கொடுப்பார்கள்? ஆதார் முகவரி பழைய வாடகை வீட்டில் இருக்கும். கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று மறுகுடியமர்வு முகவரி இருந்தால் இன்னும் சங்கடம். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் அரசே கொண்டுபோய்க் குடிவைத்த இடங்கள் அவை. ஆனால் முகவரியைக் கேட்டதும் வேலை கொடுப்பவர் முகம் மாறுகிறது, தவணைக்குப் பொருள் கொடுக்கும் கடைக்காரர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுக்கிறார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த ஒரு வாரம் எல்லோரும் அந்த ஊர்ப் பெயரைப் பெருமையாகச் சொன்னோம். முகவரியைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரே ஆள் தண்டல்காரர். அந்த மரியாதைக்கு விலைதான் 120 விழுக்காடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003-ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கடன்பட்டவர் அசலையும் அரசு நிர்ணயித்த வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு மனுப் போடவும் அதில் வழி உண்டு. யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. வக்கீல் வேண்டும், கூலி போகும். அதைவிட, ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டுக்கும் ஷூவுக்கும் மறுபடி அதே ஆளிடம்தான் நிற்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அந்தத் தெருவில் வேறு எவரும் அட்டை போட மாட்டார்கள்.

அடுத்தது மகளிர் குழுக் கடன். பத்துப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவர் பொறுப்பு என்ற முறையில் நுண்கடன் நிறுவனங்கள் தருவது. 50,000 ரூபாய், 24 மாதம், குறையும் நிலுவைக்கு 24 விழுக்காடு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 2,643. தண்டலோடு ஒப்பிட்டால் இது தேவலைதான். சிக்கல் வேறிடத்தில். ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி குடும்பத்தின் எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஆனால் தண்டல் எந்தக் கடன் பதிவிலும் வராது. வருமானத்தை நிறுவன ஊழியர் தன் இலக்குக்குத் தகுந்தபடி எழுதிக்கொண்டாலும் கேட்பாரில்லை. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் கடனைக் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதும் அதே நெறிமுறை. அந்த ஒன்பது மணி நேரமும் அந்தப் பெண்கள் வேலைக்குப் போன வீட்டில் இருக்கிறார்கள். ஆகவே கூட்டம் காலை ஏழு மணிக்கு. ஒருவர் பணம் கொண்டுவரவில்லையென்றால் மற்ற ஒன்பது பேரும் எழுந்திருக்க முடியாது. எட்டு மணிக்கு முதல் வீட்டில் நிற்க வேண்டியவர்கள், ஆளுக்கு முந்நூறு போட்டுக் கட்டிவிட்டு ஓடுகிறார்கள். கட்ட முடியாத பெண்ணுக்கு அன்றிலிருந்து தெருவில் ஒரு பெயர். சட்டத்தைவிட அந்தப் பெயருக்குப் பயந்துதான் தவணை ஒழுங்காக வருகிறது என்பது நிறுவனங்களுக்கும் தெரியும்.

இதில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கடன் தரும்போதே வட்டி, கட்டணம், காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் எழுதிய விவரத்தாளைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கேட்டு வாங்க வேண்டும். முன்கூட்டியே கட்டி முடித்தால் குழுக்கடனுக்கு அபராதம் கிடையாது. அத்துமீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448. தண்டலுக்கு இந்த வழியெல்லாம் பொருந்தாது, அது எந்த நிறுவனமும் இல்லை. இன்னொன்று தவணைத் தேதி. செல்போனுக்கும் மிக்சிக்கும் வாங்கிய தவணை 5-ஆம் தேதி கணக்கிலிருந்து தானாகப் போகும். வேலை செய்யும் வீடுகளில் சம்பளம் தருவது 7-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ. கணக்கில் நூறு ரூபாய் குறைந்தாலும் தவணை திரும்பும். வங்கி ஒரு கட்டணம், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம். ஐந்நூறுக்குக் குறையாமல் போய்விடும். கடன் வாங்கும் அன்றே, சம்பளத்துக்குப் பிந்தைய தேதியைப் போட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது.

இப்போது ஒரு மாதத்தைக் கூட்டிப் பார்ப்போம். மனைவிக்கு மூன்று வீடு, வீட்டுக்கு 3,000, மொத்தம் 9,000. கணவர் பெயின்டர், நாளுக்கு 700, மாதத்தில் 18 நாள் வேலை, 12,600. ஆக 21,600. வாடகை 6,500, மின்சாரம் 400, குழுக்கடன் 2,643, தண்டல் 3,000. இவை போக நிற்பது 9,057. நாலு பேர் கொண்ட வீட்டுக்கு நாளொன்றுக்கு 300 ரூபாய் சொச்சம். காய்கறி, பால், கேஸ், மருந்து, பள்ளிக்கூடம், கல்யாண மொய் எல்லாம் இதற்குள். இது வேலை ஒழுங்காக இருக்கும் மாதம். நவம்பரில் கணவருக்கு எட்டு நாள்தான் வேலை என்றால் வருமானம் 14,600. வாடகை, மின்சாரம், தவணைகள் சேர்ந்த 12,543 குறையாது. 2,057 ரூபாயில் மாதம் ஓட வேண்டும். இந்த இடத்தில் சிக்கனம் என்ன செய்யும் என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அந்த மின்சார 400-ஐச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இரண்டு ஃபேன், ஒரு டியூப் லைட், டிவி மட்டும் உள்ள வீட்டுக்கு இரண்டு மாதத்தில் நூறு யூனிட்டை ஒட்டித்தான் ஓடும். தனி இணைப்பு இருந்தால் கட்டுவது நூறு ரூபாய்கூட வராது. ஆனால் லைன் வீட்டில் ஐந்தாறு போர்ஷனுக்கு ஒரே இணைப்பு, போர்ஷனுக்கு ஒரு சப் மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வாங்குகிறார், சில இடத்தில் பத்து. 100 யூனிட்டுக்கு 800 ரூபாய், அதாவது மாதத்துக்கு 400. அவரைமட்டும் குறை சொல்லவும் முடியாது. ஆறு வீட்டு ஓட்டமும் ஒரே மீட்டரில் ஏறினால் பில் உயர்ந்த விகிதத்துக்குப் போய்விடும். ஏழைக்கென்று நினைத்து அரசு கொடுத்த இலவச யூனிட், ஏழை குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைவதில்லை. தனி வீடு வாங்கிய நமக்கு அது தவறாமல் கிடைக்கிறது. நம்மை யாரும் ஓசி என்பதும் இல்லை.

அட்வான்ஸ் இன்னொன்று. வாடகைச் சட்டம் 2017, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. சென்னையில் வழக்கம் பத்து மாதம் வரை போகும். 6,500 வாடகைக்கு 65,000. குழுக்கடன் வாங்கியது எதற்கு என்று கேட்டால் பல வீடுகளில் இதுதான் பதில். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்தம். எழுத்தில் ஒப்பந்தம் கேட்டால் 'வேற வீடு பாத்துக்கோங்க.' ஒப்பந்தம் இல்லாததால் முகவரிச் சான்று இல்லை, அதனால் ரேஷன் கார்டை மாற்ற முடியாமல் பழைய ஏரியா கடையிலேயே பெயர் நிற்கும். அரிசி இலவசம்தான். துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளியில் வாங்குவதைவிட எவ்வளவோ மலிவு. ஆனால் பருப்பும் எண்ணெயும் அரிசியோடு சேர்ந்து வந்துவிட்டால் அதிசயம். இரண்டாவது முறை போக வேண்டும். சிமென்டிலும் சோப்புத் தண்ணீரிலும் தேய்ந்த விரல் ரேகையை இயந்திரம் எடுக்காவிட்டால் மூன்றாவது முறை. அரைநாள் கூலி 350 போய், கிடைப்பது ஒரு கிலோ பருப்பு.

'கையில ஸ்மார்ட்போன் இருக்கே' என்பது அடுத்த குற்றச்சாட்டு. மேஸ்திரி நாளைக்கு எந்த சைட் என்று சொல்வது வாட்ஸ்அப்பில். சம்பளம் வருவது ஜிபேயில். நலவாரியத்துக்கும் ஆதாருக்கும் ஓடிபி வருவது அந்த எண்ணுக்கு. எண் போனால் எல்லாம் போயிற்று. ரீசார்ஜ் 28 நாளுக்கு ஒருமுறை, ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். ஓராண்டுக்கு மொத்தமாகப் போட்டால் நாள் கணக்கில் மலிவு. மொத்தமாகப் போடப் பணம் இருந்தால்தானே. எண்ணெயும் பருப்பும் அப்படித்தான், கால் கிலோ பொட்டலத்துக்குக் கிலோ விலை கூடுதல். ஷாம்பு சாஷே மட்டும் விதிவிலக்கு. பாட்டிலைவிடப் பாக்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் சில பொருள்களில் அது ஒன்று.

பஸ் விஷயமும் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சம். மறுநாளே 'ஓசி பஸ்' என்று பெயர் வைத்தாயிற்று; 2022-இல் ஓர் அமைச்சரே மேடையில் அந்தச் சொல்லைச் சொன்னார். நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் பஸ்ஸைத் தள்ளிப்போய் நிறுத்தும் ஓட்டுநர்களும் உண்டு. அதன் பின்னால் ஓடுகிறவர் காலை ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்பியவர் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அரசு செய்ய வேண்டியது பெரிய செலவுள்ள காரியமல்ல. பத்தாயிரம் ரூபாயை முழுதாகக் கையில் கொடுத்து, அதே தண்டல் முறையில் நாளுக்கு நூறு என்று வசூலித்து, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி போட்டால் நூறு நாளுக்கு வட்டி ஏறக்குறைய 166 ரூபாய். தண்டல்காரர் எடுப்பது 1,500. தெரு வியாபாரிகளுக்கு மத்திய அரசின் ஸ்வநிதித் திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் முதல் கடன் கிடைக்கிறது. 10,000 ஆக இருந்தது 2025-இல் 15,000 ஆயிற்று. வீட்டு வேலை செய்பவருக்கும் சித்தாளுக்கும் அது பொருந்தாது. இவர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. வீட்டுப் பணியாளர் நலவாரியம் 2007-லேயே வந்துவிட்டது. அந்த வாரிய அடையாள அட்டையையே வருமானச் சான்றாக ஏற்று, கூட்டுறவு வங்கிகள் இந்தப் பத்தாயிரத்தைக் கொடுக்கட்டும். மழை மாதத்தில் முப்பது நாள் தவணை இடைவெளி விடட்டும். லைன் வீட்டு சப் மீட்டர்களை மின்வாரியம் தனி இணைப்பாகப் பதிந்துகொள்ளட்டும். வங்கிக் கிளையைத் தேடி இவர்கள் பகலில் வர முடியாது. மாலை ஏழு மணிக்குத் தெருவுக்கு ஓர் ஊழியர் வந்து வசூலிக்க வேண்டும். முடியாத காரியமல்ல. தண்டல்காரர் மழையிலும் தவறாமல் வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை.