ஊற்றிக் கொடுக்க நீ நிற்காதே

பாப்பாவுக்கு,

நேற்று போனை வைத்ததிலிருந்து உன் விருந்து நினைப்புதான். முப்பது பேர் வருகிறார்கள், ஜூஸ் எல்லாம் நானே ஊற்றிக் கொடுத்துவிடுவேன் என்றாய். வேண்டாம்மா. உன் பத்தாவது பிறந்தநாளுக்கு நான் அப்படித்தான் ஜாடியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நீ மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததை நான் பார்க்கவே இல்லை, கைதட்டல் சத்தம்தான் கேட்டது. அது இன்னும் மனசில் கிடக்கிறது. அதனால் ஒரு மேசையைப் போட்டு எல்லாவற்றையும் அதில் வைத்துவிடு, அவரவர் எடுத்துக் குடிக்கட்டும், நீ அவர்களோடு உட்கார்ந்து பேசு.

மேசையை வாசல் பக்கம் போடாதே, சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம், இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளும். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம். முதலில் டம்ளர், அடுத்து ஐஸ், அப்புறம் ஜூஸும் தண்ணீரும், கடைசியில் டிஷ்யூ. குப்பைக்கூடை கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும், ஒளித்து வைத்தால் காலி டம்ளர் எல்லாம் ஜன்னல் திண்டில்தான் வந்து நிற்கும்.

அளவு எவ்வளவு என்று கேட்டாயே. முதல் ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 2 டம்ளர், அதற்கப்புறம் மணிக்கு 1 என்று வைத்துக்கொள். 3 மணி நேர விருந்துக்கு ஆளுக்கு 4, ஆக முப்பது பேருக்கு 120 டம்ளர். டம்ளருக்கு 200 மில்லி ஊற்றினால் 24 லிட்டர் வரும். இதில் மூன்றில் ஒரு பங்காவது வெறும் தண்ணீராக இருக்கட்டும், எப்போதும் முதலில் தீர்வது அதுதான். ஜூஸ் இரண்டு வகை போதும். பால் சேர்த்தது ஏதாவது வைத்தால் வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே, நல்ல வெயிலாக இருந்தால் 1 மணி நேரம்தான். டம்ளர் பக்கத்தில் ஒரு பேனா வை, பெயர் எழுதிக்கொண்டால் ஆளாளுக்குப் புது டம்ளர் எடுக்க மாட்டார்கள்.

ஐஸ் ஆளுக்கு அரைக் கிலோ, மொத்தம் 15 கிலோ. உன் பிரிட்ஜில் அவ்வளவு உறையாது, முன்கூட்டியே வாங்க ஏற்பாடு செய்துவிடு. டம்ளரில் போடுகிற ஐஸும் பாட்டில் குளிரவைக்கிற ஐஸும் தனித்தனியாக இருக்க வேண்டும், பாட்டில் தொட்டியில் எல்லோரும் கையை விடுவார்கள். அந்தத் தொட்டியில் ஐஸோடு தண்ணீரும் ஊற்று. வெறும் ஐஸ் என்றால் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், இடையில் காற்று நிற்கும், தண்ணீர் இருந்தால் சுற்றிலும் தொட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குடிக்கிற ஐஸை அள்ள ஒரு கரண்டி போடு. கண்ணாடி டம்ளரால் யாரையும் அள்ள விடாதே, ஒரு சில்லு உடைந்து விழுந்தால் ஐஸுக்குள் கண்ணுக்கே தெரியாது.

இப்போது அந்தக் குழாய் வைத்த ஜாடி. ரொம்ப கவனம் வேண்டியது இதற்குத்தான். முதல் நாள் ராத்திரியே தண்ணீர் நிரப்பி, குழாய்க்கு அடியில் ஒரு காகிதத்தை விரித்து வைத்துவிட்டுத் தூங்கு. காலையில் காகிதம் நனைந்திருந்தால் உள்பக்கம் இருக்கிற ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் விட்டு, பாதி விருந்தில் மேசைவிரிப்பு முழுக்க ஒட்டிக்கொண்டு, தரையெல்லாம் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. குழாய்க்குக் கீழே டம்ளர் நிமிர்ந்து நிற்கிறதா என்றும் பார், இல்லையென்றால் ஒரு உறுதியான பெட்டியின் மேல் ஜாடியை ஏற்றி வை. சொட்டுகிறதைப் பிடிக்க அடியில் ஒரு தட்டு. எலுமிச்சையை வட்டமாக வெட்டிப் போடுவதானால் விதையை எடுத்துவிடு, ஒன்றே ஒன்று போய்க் குழாயை அடைத்துக்கொள்ளும். தோலோடு மணிக்கணக்கில் ஊறினால் கசக்கவும் செய்யும், அதனால் ஆட்கள் வருகிற நேரத்தில் போடு. கடைசி இரண்டு விரல் அளவு ஜூஸ் குழாய் மட்டத்துக்குக் கீழே நின்றுவிடும், அப்போது ஜாடியின் பின்பக்கம் ஒரு துணியை மடித்துச் செருகினால் முன்னால் சாய்ந்து வந்துவிடும். ஜாடிக்குள் ஐஸ் போடாதே, நேரம் போகப் போக வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அதே ஜூஸைக் கொஞ்சம் உறைய வைத்துப் போட்டால் ருசி குறையாது.

அம்மா அழகுக்குச் செம்புப் பாத்திரம் வைக்கச் சொல்கிறாள். தண்ணீருக்கு வைத்துக்கொள், எலுமிச்சை ஜூஸை மட்டும் அதில் ஊற்றாதே, புளிப்பு செம்பைக் கரைத்து வயிற்றைப் புரட்டிவிடும்.

ஒவ்வொரு ஜாடியிலும் என்ன இருக்கிறது, சர்க்கரை போட்டதா போடாததா என்று பெரிதாக எழுதி ஒட்டு. இல்லாவிட்டால் முப்பது பேரும் உன்னிடம்தான் வந்து கேட்பார்கள். மேசையைப் போட்டு முடித்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு, குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்பா