எந்தத் திசு என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் இதழின் அறிவியல் பக்கத்தில் நோயெதிர்ப்பு செல்களின் மரபணுச் செயல்பாட்டைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இவ்வளவு கடினமான விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை நெடுகிலும் ‘மனித நோயெதிர்ப்பு செல்கள்’ என்று மட்டுமே இருந்தது. அவை ரத்தத்திலிருந்து எடுத்தவையா, நிணநீர் முடிச்சிலிருந்தா, டான்சிலிலிருந்தா, மண்ணீரலிலிருந்தா என்று ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. இந்தத் துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

நான் முப்பத்தொரு ஆண்டுகள் நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசு வெட்டும் வேலை பார்த்தவன். ஃபார்மலினில் மிதந்து வரும் டான்சிலையும் நிணநீர் முடிச்சையும் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவு கருவியில் நான்கு மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவி, ஹீமடாக்சிலின், ஈயோசின் சாயமேற்றி மருத்துவரிடம் கொடுப்பேன். டான்சில் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், பார்வைப் புலம் முழுவதும் நீலமும் ஊதாவுமாக வட்டப் புள்ளிகள் நெருங்கிக் கிடக்கும். அவற்றில் பெரும்பாலானவை லிம்போசைட்டுகள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள். எது டி செல், எது பி செல், எது இரண்டிலும் சேராதது என்று அந்தச் சாயத்தால் பிரித்துக் காட்ட முடியாது. எத்தனையோ ஆயிரம் சீவல்களில் அந்த மூன்றாவது வகையையும் பார்த்திருக்கிறேன். பார்க்கிறேன் என்று தெரியாமலே பார்த்திருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு இந்தத் துறையைத் தேடித் தேடிப் படிப்பதற்குக் காரணம் அதுதான்.

அந்த மூன்றாவது வகையைத்தான் உள்ளார்ந்த லிம்பாய்டு செல்கள் என்கிறார்கள். டி செல்லும் பி செல்லும் கிருமியை அடையாளம் காணும் தத்தம் ஏற்பிப் புரதங்களை உருவாக்க மரபணுத் துண்டுகளைக் கலைத்து அடுக்குகின்றன; அதனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கிருமியின் அடையாளத்தை அறிகிறது. இந்தச் செல்கள் அப்படிச் செய்வதில்லை. அடிபட்ட அண்டைச் செல்கள் அனுப்பும் அபாயச் செய்தியைக் கேட்டுச் சில மணி நேரத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. இக்குடும்பத்தில் இயற்கைக் கொல்லி செல்கள் 1975 முதலே அறியப்பட்டவை. மற்றவை அடையாளம் காணப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. மனித டான்சிலில் இன்டர்லியூக்கின்-22 என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கும் ஒரு வகை இருப்பது 2009இல் தெரிந்தது. அச்சுரப்பு மேற்பரப்புச் செல்களைத் தூண்டி, கிருமியைக் கொல்லும் புரதங்களைச் செய்ய வைக்கிறது. 2013இல்தான் மொத்தக் குடும்பத்தையும் மூன்று பிரிவாக வகுத்துப் பெயரிட்டார்கள்.

உருவம் ஒன்றுபோல் இருக்கும்போது எப்படிப் பிரித்தார்கள்? மரபணுச் செயல்பாட்டைக் கொண்டுதான். நம் உடலில் உட்கரு உள்ள செல்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதி இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. அவற்றில் எவை இப்போது ஆர்என்ஏவாக, அதாவது மரபணுவின் வேலைப் பிரதியாக, படியெடுக்கப்படுகின்றன என்பதே ஒரு செல் யார் என்பதைச் சொல்கிறது. முதல் பிரிவில் டி-பெட், இரண்டாம் பிரிவில் காட்டா-3, மூன்றாம் பிரிவில் ரோர்-காமா-டி என்று ஆளுக்கொரு கட்டுப்பாட்டுப் புரதத்தின் மரபணு விழித்திருக்கிறது. தங்கள் கட்டுரையில் ‘நோயெதிர்ப்பு மரபணு’ என்று எழுதியிருந்த சில இடங்களில் ‘விழித்திருக்கும் மரபணு’ என்று இருந்திருந்தால் பொருள் சரியாக இருந்திருக்கும். மரபணு பிறப்பிலேயே வருவது. அதன் செயல்பாடு இடத்துக்கு இடம், வேளைக்கு வேளை மாறுவது.

2016இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. மூன்று பேரின் டான்சிலிலிருந்து 648 செல்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றிலும் இருந்த ஆர்என்ஏவைப் படித்தார்கள். எது எந்த வகை என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், மரபணுச் செயல்பாட்டின் ஒற்றுமையை மட்டும் வைத்துக் கணினியைத் தொகுக்க விட்டார்கள். முன்பே வகுத்த மூன்று பிரிவுகளும், முதல் பிரிவோடு சேர்த்து எண்ணப்பட்ட கொல்லி செல்களும் தனித்தனிக் கூட்டங்களாக விழுந்தன. மூன்றாம் பிரிவுக்குள் மேலும் மூன்று உட்பிரிவுகள் தென்பட்டன. வெறும் 648 செல்! நான் சீவிய ஒரே சீவலில் அதைவிடப் பல மடங்கு இருந்திருக்கும். ஒரே நீலப் புள்ளியாக எனக்குத் தெரிந்தவை இத்தனை வேறுபட்ட வேலைக்காரர்கள் என்று அறிந்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை.

இனி, இடத்தைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். உடலின் லிம்போசைட்டுகளில் ஏறத்தாழ 2 விழுக்காடுதான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடுகிறது. மீதி திசுக்களில் இருக்கிறது. ரத்தம் எடுப்பது எளிது என்பதால் ஆய்வுகளில் பெரும்பகுதி ரத்தத்தைச் சுற்றியே நடந்தது. ஆனால் அங்கே கிடைப்பதும் திசுவில் கிடைப்பதும் ஒன்றல்ல. ரத்தத்திலுள்ள இயற்கைக் கொல்லி செல்களில் பத்தில் ஒன்பது பங்கு, சிடி56 என்ற மேற்பரப்புக் குறியைக் குறைவாகத் தாங்கிய, கொல்வதற்கு ஆயத்தமான வகை. நிணநீர் முடிச்சிலும் டான்சிலிலும் அந்தக் குறியை மிகுதியாகத் தாங்கிய மற்றொரு வகையே மேலோங்கியிருக்கிறது. அது கொல்வதைவிடச் செய்திப் புரதங்களைச் சுரப்பதில் வல்லது. மற்ற உள்ளார்ந்த லிம்பாய்டு செல்களோ ரத்தத்தில் மிக அரிது. அங்கே இருப்பவற்றிலும் பல இன்னும் முதிராத முன்னோடிகள் என்று 2017இல் காட்டியிருக்கிறார்கள். பாக்டீரியாவை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களின் கதை வேறு: அவை ரத்தத்தில் நிறைய உண்டு, ஆனால் ஆர்என்ஏ குறைவு, அதைச் சிதைக்கும் நொதிகள் அதிகம். எனவே மரபணுச் செயல்பாட்டு ஆய்வுகளின் அட்டவணைகளில் அவை இருக்க வேண்டிய அளவில் இருப்பதில்லை.

சுண்டெலியைக் கொண்டும் இதை முழுதாக ஈடுகட்ட முடியாது. சுண்டெலிக்கு டான்சிலே கிடையாது. 2022இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, உறுப்புக் கொடையாளர்கள் பன்னிருவரின் 16 திசுக்களிலிருந்து சுமார் 3,60,000 நோயெதிர்ப்பு செல்களைப் படித்தது. ஒரே குடும்பத்துச் செல்லானாலும் திசுவுக்குத் திசு வேறு முகம் காட்டுவதை அதில் பார்க்கலாம். அந்தப் பன்னிரண்டு குடும்பங்கள் துக்கத்தின் நடுவே சம்மதம் தந்திராவிட்டால் அந்த அறிவு கிடைத்திருக்காது.

கையாளும் விதமும் முடிவை மாற்றும். எங்கள் காலத்தில் திசுவை ஃபார்மலினில் போடத் தாமதித்தால் சீவல் கெட்டுவிடும். மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார். இங்கே பிழை அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. செல்களைப் பிரிக்க நொதி ஊற்றி 37 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். அந்த வெப்பமும் நொதியுமே செல்லைக் கலவரப்படுத்தி, ஃபாஸ், ஜுன் போன்ற மரபணுக்களைத் தட்டி எழுப்பிவிடும் என்பது 2017 முதல் நன்கு அறிந்தது. உடலுக்குள் உறங்கிய மரபணு குப்பிக்குள் விழித்திருக்கும். அதை நோயின் அடையாளம் என்று எழுதிவிட்டால் வாசகர் என்ன செய்வார்?

இன்னொன்றும் உண்டு. டான்சிலை யாரும் ஆராய்ச்சிக்காக வெட்டிக் கொடுப்பதில்லை. மூச்சு அடைப்பதாலோ, அடிக்கடி தொற்று வருவதாலோ அகற்றியவைதான் ஆய்வுக்கு வருகின்றன. தொற்று ஓய்ந்த டான்சிலும் ஓயாத டான்சிலும் மரபணுச் செயல்பாட்டில் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ‘இயல்பான மனிதர்’ என்று கட்டுரையில் வந்தால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் யாருடைய திசு இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள்.

என் வேண்டுகோள் சிறியது. இத்தகைய செய்தி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வரி வேண்டும்: எந்தத் திசு, எத்தனை பேருடையது, ஏன் எடுக்கப்பட்டது. இந்த மூன்றும் மூலக் கட்டுரைகளில் பெரும்பாலும் இருக்கும். எழுதுபவர் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுத்த முறை இப்பக்கத்தில், திசுவைக் கரைக்காமல் சீவலிலேயே ஆர்என்ஏவைப் படிக்கும் முறையைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். 2016இல் வெளியான அதன் முதல் வடிவத்தில் ஒவ்வொரு புள்ளியும் 100 மைக்ரான் அகலம். ஒரு புள்ளிக்குள் பல செல்கள் அகப்பட்டுக்கொள்ளும். இப்போது அது வெகுவாக நுணுகிவிட்டது. எந்தச் செல் எந்தச் செல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்கலாம். அந்த முதல் வடிவத்திலும், ஆர்என்ஏவைப் படிப்பதற்கு முன் சீவலுக்கு ஏற்றிய சாயம் ஹீமடாக்சிலினும் ஈயோசினும்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திசுவியல் தொழில்நுட்பர், தங்கள் நெடுநாள் வாசகர்