ரம்பத்தைக் கீழே வை

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பாபுவின் குடை இன்னும் கிடைக்கவில்லை, கேட்காதே.

உறைமழையில், அதாவது பட்ட இடத்திலேயே பனிக்கட்டியாக உறையும் மழையில், கறுப்பு லோகஸ்ட் மரம் முறிந்துவிட்டது, பக்கத்திலேயே கட்டால்பா ஒரு கொப்புகூட இழக்காமல் நிற்கிறது, இது என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறாய். லோகஸ்ட் வேலிக்கம்பத்துக்குப் போகும் வைரம் பாய்ந்த மரம், கட்டால்பா வலுக்குறைந்த மரம். ஆனால் பனிப்பாரத்தில் மரத்தின் வைரத்தைவிட அதன் உருவம்தான் பேசும்.

கணக்குப் போட்டுப் பார். 5 மில்லிமீட்டர் பருமனுள்ள மிலாறை, அதாவது மெல்லிய நுனிக்கொப்பைச் சுற்றி 1 சென்டிமீட்டர் பனி உறைந்தால் மொத்தப் பருமன் 25 மில்லிமீட்டர். அதாவது மிலாறின் கன அளவைப்போல 24 மடங்கு பனி! அதே பனி 5 சென்டிமீட்டர் பருமனுள்ள கிளையில் படிந்தால், ஏறத்தாழ அந்தக் கிளையின் எடைதான் கூடுகிறது. மெல்லிய மிலாறுகள் அடர்ந்த சைபீரியன் எல்ம் சுமப்பது எவ்வளவு என்று யோசி. கட்டால்பா, ஜிங்கோ, கறுப்பு வால்நட், கென்டக்கி காபி மரம் எல்லாம் தடித்த கிளைகள் கொஞ்சமே விடுகிறவை. பனி பிடிக்க இடமே குறைவு.

அடுத்தது கவை, அதாவது கிளை பிரியும் இடம். உன் பிராட்ஃபோர்டு பேரி ஒரே இடத்திலிருந்து பல கிளைகளை நெருக்கமாக, செங்குத்தாக விடும். குறுகிய கவைக்குள் பட்டை மடிந்து சிக்குவதால் மரத்தோடு மரம் சேர்வதில்லை. பாரம் ஏறியதும் அடிவரை பிளக்கும். சில்வர் மேப்பிளுக்கும் இதே நோய்தான், வயதானால் உள்ளழுகலும் சேரும். லோகஸ்டைத் துளைக்கும் வண்டும் அழுகலும்தான் உள்ளே தின்றிருக்கும். வெட்டுமுகத்தைப் பார், தெரியும்.

இலையுதிராத மரங்களிலும் இப்படித்தான். ஹெம்லாக் கூம்பாக வளர்ந்து, மேல்கிளை கீழ்க்கிளைமேல் சாய்ந்து தாங்கிக்கொள்ளும். வெள்ளைப் பைன் கிளையை நீட்டி ஊசியிலை நிறைய வைத்திருப்பதால் படக்கென்று ஒடிகிறது.

ஆனால் நல்ல இனம் என்று எதையும் கண்மூடி நம்பாதே. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக்கில் சில இடங்களில் 100 மில்லிமீட்டர் உறைமழை கொட்டியபோது, பாகு எடுக்கும் மேப்பிள் தோப்புகளே சிதைந்தன.

இப்போது முக்கியமான விஷயம். எல்லாவற்றையும் வெட்டிவிடப் போகிறேன் என்கிறாயே, அதைச் செய்யாதே. சில்வர் மேப்பிளைத் தள்ளி நின்று பார். தழையமைப்பில் பாதிக்குமேல் மிஞ்சியிருந்தால் அது பிழைக்கும். கால்பங்குகூட இல்லையென்றால் எடுத்துவிடு. இரண்டுக்கும் நடுவில் என்றால் ஒரு கோடை பொறு. பேரியின் பிளவு அடிமரத்துக்குள் இறங்கியிருந்தால் தயங்க வேண்டாம், அது போகட்டும்.

ஒடிந்த கிளையை மூன்று வெட்டாக எடு. அடிமரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவெட்டு. மிஞ்சிய கட்டையை, கிளையடியில் தடித்திருக்கும் கழுத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டு. முதல் வெட்டை விட்டால் கிளை விழும்போது பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். காயத்துக்குப் பெயின்ட் பூசாதே. தலையை மொட்டையடிக்காதே, அங்கே முளைக்கும் துளிர்கள் ஒட்டுப்போட்டதுபோல மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், அடுத்த பனியில் முதலில் அவைதான் போகும்.

தலை தரையைத் தொட வளைந்திருக்கும் பிர்ச்சைத் தொடாதே. இளமரம் நிமிரக்கூடும். நிமிராவிட்டாலும் ரம்பத்தோடு பக்கத்தில் போகாதே. நாணேற்றிய வில்போல விசை தேங்கியிருக்கிறது, வெட்டிய நொடியில் முகத்தில் அறையும். அடுத்த முறை பனி பிடித்தால் கம்பால் தட்டவும் கூடாது, விறைத்த கொப்பு சேர்ந்தே ஒடியும். தானாக உருகட்டும்.

புதிதாக நட சதுப்பு வெள்ளை ஓக் எனக்குப் பிடித்தது. எதை நட்டாலும் முதல் சில வருடம் நடுத்தண்டு ஒன்றே ஓங்கி வளரும்படி போட்டித்தண்டுகளைக் கழித்துவிடு. பத்து நிமிட வேலைதான், கவைப் பிளவைப் பாதி தடுத்துவிடலாம்.

மேப்பிளின் கவையை இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு. மேலே தொங்கும் கொப்புக்கு ஏணி போடாதே கதிர், சத்தியமாகச் சொல்கிறேன். மரமேறத் தெரிந்த ஆளைக் கூப்பிடு. கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் அவரையும் ஏற்றாதே.

அன்புடன்,
சுந்தர்