விழிப்புணர்வு இருக்கிறது, மில்தான் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுதானியக் கட்டுரையில், விவசாயிகளுக்கு விழிப்புணர்வு இல்லாததால்தான் பரப்பு குறைந்துவிட்டது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். பேரையூர்ப் பக்கம் கரிசலில் நாற்பது வருஷமாக மானாவாரி பார்க்கிறவன் நான். புரட்டாசியில் குதிரைவாலி விதைத்து மார்கழியில் களத்துக்குக் கொண்டுவந்து பழகிய எனக்கு, அந்த விழிப்புணர்வு எந்தக் கடையில் கிடைக்கும் என்று தெரிவித்தால் நல்லது. (குதிரைவாலி என்று நீங்கள் போட்டிருந்த படம் தினை. அதை விட்டுவிடுகிறேன்.)

நெல் என்றால், மில்லில் கொட்டியதும் அரிசியாக வந்துவிடும். குதிரைவாலிக்கு உமி கெட்டி, மணி பொடிசு. எங்கள் ஊர் நெல் மில்லில் போட்டுப் பார்த்தேன். பாதி நொய், மீதி உமியோடு அப்படியே வந்தது. என் அம்மா திருகையில் திரித்து, உரலில் குத்தி, சுளகில் புடைத்து, ஒரு வேளைச் சோற்றுக்கு அரை நாள் பாடுபடுவார். அவரோடு அந்தச் சோறும் எங்கள் வீட்டைவிட்டுப் போயிற்று. ரேஷன் அரிசி வந்தபிறகு எந்த மருமகள் உலக்கையைத் தேடுவாள்? நான் தப்பு சொல்ல மாட்டேன்.

போன தையில் பன்னிரண்டு மூட்டை விற்றேன், கிலோ 28 ரூபாய்க்கு. ஈரம் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிவு வேறு. சரக்கு எங்கே போகிறது என்று வியாபாரியிடம் கேட்டேன். மகாராஷ்டிரத்து நாசிக்குக்காம். அங்கே உமி நீக்கி, திரும்பவும் இங்கேயே வருமாம். மதுரையில் மகள் வீட்டுப் பக்கத்துக் கடையில் அரைக் கிலோ பாக்கெட் 65 ரூபாய். நூறு கிலோ தானியத்தில் அறுபது கிலோ அரிசி தேறாது என்பது எனக்கும் தெரியும். அதைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது.

2018 தேசிய சிறுதானிய ஆண்டு. 2023-ல் ஐ.நா. சபையே கொண்டாடியது. எங்கள் பக்கமும் கண்காட்சி போட்டார்கள். லட்டு கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். சிறுதானியத்தில் அரசின் ஆதரவு விலை மட்டும் சோளம், கம்பு, கேழ்வரகோடு நின்றுவிட்டது. கேழ்வரகுக்கு 2025-26-ல் குவிண்டால் 4,886 ரூபாய். அரசே கேழ்வரகைக் கொள்முதல் செய்து தர்மபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் 2 கிலோ கொடுக்கிறது. நல்ல காரியம்தான். குதிரைவாலி, சாமை, வரகு, தினையெல்லாம் யார் பெற்ற பிள்ளைகள்? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுதானியம் கிலோ 1 ரூபாய் என்று 2013-லேயே எழுதினார்கள். எங்கள் ரேஷன் கடையில் குதிரைவாலியைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மாலை போடுகிறேன்.

பக்கத்துப் புஞ்சைக்காரர் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார். படைப்புழு தின்றது, பன்றி கிளறியது, ஆனாலும் அவர் திரும்பி வரவில்லை. கோழித்தீவனத்துக்கு லாரி காட்டுக்கே வருகிறதே, அப்புறம் ஏன் வருவார்? அவருக்கும் விழிப்புணர்வு இல்லை என்பீர்களோ என்னவோ.

பத்துக் கிராமத்துக்கு ஒரு உமி நீக்கும் மில் வைத்துத் தர உங்களால் ஆகாது. தெரிகிறது. வாராவாரம் நீங்கள் போடும் சந்தை நிலவரத்தில் தக்காளி முதல் முந்திரி வரை இருக்கிறது. அதில் குதிரைவாலிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். வியாபாரி வரும்போது இதழைக் கையில் வைத்துக்கொண்டாவது பேசலாம். போன வருஷமும் இதையேதான் எழுதியிருந்தேன். இடப் பற்றாக்குறை போலிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.