சிறு விமான விபத்தும் ‘விமானியின் தவறு’ என்ற ஒற்றை வரியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கே சிறு விமானம் விழுந்தாலும் செய்தியின் கடைசி வரி ஒன்றாகத்தான் இருக்கிறது: விமானியின் தவறே காரணம் என்று தெரிகிறது. அதோடு சரி. சிறு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலையில் இருப்பவன் என்பதால் அந்த வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு ஒப்பவில்லை. தவறே செய்யாத விமானி கிடையாது. நல்லபடியாக முடிகிற பயணங்களிலும் தவறுகள் நடக்கின்றன, நேரத்தோடு கண்ணில் பட்டுச் சரிசெய்யப்பட்டுவிடுகின்றன, அவ்வளவுதான். அப்படியென்றால் விழுந்த விமானத்தில் மட்டும் அது ஏன் கடைசிவரை கண்ணில் படவில்லை? அதைத்தான் கேட்க வேண்டும்.

1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஹெல்ம்ரைக் என்ற உளவியலாளரின் குழு, விமானிகளின் அறையிலேயே ஆட்களை உட்காரவைத்து வழக்கமான பயணங்களைக் கவனித்தது. அதிலிருந்து வந்த பாடம் எளிமையானது. மோசமான வானிலை, பழக்கமில்லாத ரன்வே, தூக்கமின்மை, அவசரம் என்று அபாயங்கள் முதலில் வந்து நிற்கும். அவற்றைக் கவனிக்காவிட்டால் தவறு நடக்கும், தவறைப் பிடிக்காவிட்டால் விமானம் இருக்கக் கூடாத நிலைக்குப் போகும். ஒவ்வொரு கட்டத்திலும் மீள வழி உண்டு. பெரிய விமானத்தில் பிடித்துச் சொல்லப் பக்கத்திலேயே இன்னொருவர் இருக்கிறார். சிறு விமானத்தில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அதனால் பாதி வேலையைத் தரையிலேயே முடித்தாக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். சிறு விமானங்களில் பரவலாகப் போடுகிற பெட்ரோல் இளநீலமாக இருக்கும், தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தங்கிக் கோடு தெரியும். ஆனால் குப்பி முழுக்கத் தண்ணீரே வந்துவிட்டால் கோடு தெரியாது, அவசரத்தில் பார்ப்பவர் ‘சுத்தமாக இருக்கிறது’ என்று நினைத்துவிடுவார், அதனால் நிறத்தையும் பார்க்க வேண்டும், மோந்தும் பார்க்க வேண்டும். நடுவில் போன் வந்து எடுத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது, விமானத்தை முதலிலிருந்து சுற்றி வந்து பார்க்க வேண்டும். மாணவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். 1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று, தரையில் நிற்கும்போது வால் பகுதியை அசையாமல் வைக்கும் பூட்டை எடுக்க மறந்ததால், ஏறிய கையோடு விழுந்தது. ஓட்டியவர் கைதேர்ந்த சோதனை விமானி. செக்லிஸ்ட் பழக்கமே அதற்குப் பிறகுதான் வேரூன்றியது.

மேகம் விஷயத்துக்கு வருகிறேன், அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாத 20 பேரை, மேகத்துக்குள் இருப்பதுபோல வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துப் பறக்கவைத்துச் சோதித்தார்கள். 20 பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். திரும்பி வெளியே வருவது எப்படி என்று அவர்களுக்கே பயிற்சி கொடுத்த பிறகு, ஏறக்குறைய எல்லா முறையும் பத்திரமாக வெளியே வந்தார்கள். அவசியமான பகுதி இந்தப் பின்பாதிதான், அதை யாரும் சொல்வதில்லை.

2020 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த ஹெலிகாப்டர் விபத்திலும் மேகத்துக்குள் போனதுதான் கதை. அமெரிக்க விசாரணை வாரியம் அதோடு நிற்கவில்லை. எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அந்த விமானி தனக்குத்தானே ஏற்றிக்கொண்ட அழுத்தத்தையும், நிறுவனம் பாதுகாப்பு நடைமுறைகளைச் சரியாகக் கவனிக்காததையும் சேர்த்தே எழுதியது.

அந்த அழுத்தத்தில் பயணிகளுக்கும் பங்கு உண்டு. ‘இன்னைக்கே போயாகணும்’ என்று பக்கத்தில் ஒருவர் நச்சரித்தால், இளம் விமானி தன் வரம்பைக் கொஞ்சம் தளர்த்துவார். அதனால் எவ்வளவு மேகம், எவ்வளவு காற்று, எவ்வளவு எரிபொருள் என்றால் கிளம்ப மாட்டேன் என்பதை முந்தின நாளே எழுதி வையுங்கள் என்பேன். இறங்கும்போது வேகமோ உயரமோ சரியாக அமையவில்லையா, ஏன் இப்படி ஆயிற்று என்று அங்கே யோசிக்க வேண்டாம், முதலில் பவரைக் கொடுத்து மேலே ஏறுங்கள். ஆராய்ச்சியை அப்புறம் தரையில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். விபத்தின் முழு விசாரணை அறிக்கை வருவதற்கு ஒரு வருஷம்கூட ஆகும், அதற்குள் எல்லோரும் மறந்துவிடுகிறோம். அறிக்கை வெளிவரும் நாளில் அதையும் செய்தியாகப் போடுங்கள், அரைப் பத்தி போதும். பறக்கக் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் அதைப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பறக்கும் பயிற்சியாளர்