ஆர்மேரோவை இயற்கையின் கணக்கில் எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த எரிமலைக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் கொலம்பியாவின் ஆர்மேரோ நகரம் அழிந்த கதையை, யாரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று இரண்டே வரியில் முடித்திருக்கிறீர்கள். புவியியல் பாடம் நடத்திய எனக்கு இதை அப்படியே விட்டுவிட மனமில்லை.

ஆர்மேரோவுக்கு எரிகுழம்பு வரவே இல்லை. நெவாடோ டெல் ரூயிஸ் மலையின் வாயிலிருந்து அந்த ஊர் ஆற்று வழியாக 70 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. 1985 நவம்பர் 13 இரவு 9 மணிக்குப் பிறகு நடந்த வெடிப்பும் பெரியது இல்லை. உச்சிப் பனியில் பத்தில் ஒரு பங்கைத்தான் உருக்கியது. உருகிய நீர் சாம்பலையும் மண்ணையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்குகளில் இறங்கியது. இறங்க இறங்கப் பெருத்து நான்கு மடங்கு வரை ஆனது. கான்கிரீட் கலவை போலக் கெட்டியான அந்தச் சேறு, பாறைகளையும் மரங்களையும் உருட்டிக்கொண்டு லகுனில்லா ஆற்று வழியே பதினொன்றரை மணிவாக்கில் ஊருக்குள் புகுந்தது. மலைக்கு மேற்கே இருந்த சின்சினாவையும் சேர்த்துச் சுமார் 23,000 பேர் இறந்தார்கள்.

வெடிப்புக்கும் சேறு வந்ததற்கும் நடுவே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்ததைக் கவனியுங்கள். மேட்டு நிலத்துக்கு நடந்தே போய்விடலாம். அன்று பிற்பகலே ஊரில் சாம்பல் விழுந்தது. பயப்பட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்றுதான் மக்களுக்குச் சொன்னார்கள். அப்புறம் புயல் மழை, மின்தடை.

எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? அந்த ஆண்டு அக்டோபரிலேயே அபாய வரைபடம் தயாராகிவிட்டது. சேறு எந்த வழியாக வரும் என்பதும், ஆர்மேரோ அதன் பாதையில் இருப்பதும் அதில் இருந்தன. வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று அதைக் குறை சொன்னவர்களும் உண்டு. 1595-லும் 1845-லும் இதே மலையிலிருந்து இப்படிச் சேறு வந்திருக்கிறது. 1845-இல் காய்ந்த சேற்றின் மேல்தான் ஆர்மேரோவே எழுந்தது!

இன்னொன்றையும் கட்டுரை தொடவில்லை. இந்தச் சேற்றுப் பெருக்குக்கு அன்றைக்கு மலை வெடித்தாக வேண்டும் என்றில்லை, மழை பெய்தாலே போதும். பிலிப்பைன்ஸில் பினாடுபோ 1991-இல் வெடித்தது. சரிவுகளில் குவிந்த சாம்பலை ஒவ்வொரு மழைக்காலமும் ஆண்டுக்கணக்கில் கீழே இறக்கியது. 1995-இல் பகோலோர் ஊர் புதைந்தது. அங்குள்ள பழைய தேவாலயத்தின் பாதி உயரம் இன்றும் மண்ணுக்குள் இருக்கிறது. சுமத்ராவின் மராபி மலை 2023 டிசம்பரில் வெடித்தது. 2024 மே மாதக் கனமழையில் அதன் சேறு இறங்கி அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெடிப்பு ஓய்ந்ததும் செய்தியாளர்கள் மூட்டை கட்டிவிடுகிறார்கள். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து அதற்கப்புறமும் தொடர்கிறது.

இதைத் தடுக்க முடியாது, விலகி ஓடத்தான் முடியும். ஆனால் அது நடக்கக்கூடிய காரியம். அமெரிக்காவின் ரெய்னியர் மலையடிவாரப் பள்ளத்தாக்குகளில் 1998 முதல் எச்சரிக்கைக் கருவிகள் இருக்கின்றன. ஆர்டிங் போன்ற ஊர்களின் பள்ளிப் பிள்ளைகள் வெளியேறி நடக்கும் பயிற்சி செய்கிறார்கள். அதற்காகச் செலவழிக்கும் அரை நாள் வகுப்பை வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தமாவது போடுங்கள். இடம் இருந்தால், மலை எங்கே, ஊர் எங்கே, ஆறு எந்த வழியாகப் போகிறது என்று காட்டும் ஒரு வரைபடமும் சேருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
கரூர்.